எட்டுக்கால் பூச்சி பயத்தைக் கடப்பது எப்படி: வீட்டில் செய்யும் பயிற்சிக்கு முழுமையான வழிகாட்டி

குளியலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கால் விரித்து நிற்கும் பழுப்புச் சிலந்தியைக் கண்டதும் குளிக்காமலே வெளியே வந்துவிடுபவர்கள், பரணில் இருக்கும் பாத்திரத்தை எடுக்க வேறொருவர் வரும்வரை காத்திருப்பவர்கள், ஒட்டடை அடிக்கும் நாளில் வீட்டைவிட்டே கிளம்பிவிடுபவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். பயிற்சியின் முடிவில், அதே சிலந்தியை ஒரு டப்பாவால் மூடி, அடியில் அட்டையைச் செருகி, வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பி வந்து நிம்மதியாகக் குளிக்க உங்களால் முடிய வேண்டும். பெரும்பாலோருக்கு இதைவிடப் பெரிய இலக்கு தேவையில்லை.

பயப்படும் பொருளைப் படிப்படியாக எதிர்கொள்ளும் இந்த முறையை உளவியலாளர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வருகிறார்கள். பலருக்கு உடனிருந்து உதவியதில் நான் கண்டது இதுதான்: பாதியில் விட்டவர்களுக்குத் தைரியம் குறைவாக இருக்கவில்லை. அவர்கள் படிகளின் வரிசையை மாற்றினார்கள், அல்லது பயம் உச்சத்தில் இருந்தபோது எழுந்து போனார்கள். ஆகவே முழுவதையும் ஒருமுறை படித்து முடித்த பிறகே முதல் படியைத் தொடங்குங்கள்.

1. தொடங்கும் முன் உறுதி செய்ய வேண்டியவை

பயிற்சியின்போது நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வாய் உலரும், சிலருக்குக் கால்கள் நடுங்கும். நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு இவற்றால் தீங்கு இல்லை. இதய நோய், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், வலிப்பு, கடுமையான ஆஸ்துமா ஆகியவை இருப்பவர்களும், கருவுற்றிருப்பவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

மயங்கி விழுந்துவிடுவோமோ என்ற கவலை பலருக்கு உண்டு. இரத்த அழுத்தம் சட்டென இறங்கும்போதுதான் அத்தகைய மயக்கம் வருகிறது; சிலந்தியைக் கண்டு பயப்படும்போதோ அழுத்தம் ஏறுகிறது. ஊசியையும் இரத்தத்தையும் கண்டு மயங்குபவர்களின் உடல் வேறு விதமாக நடந்துகொள்கிறது. இருந்தாலும், முன்பு எப்போதாவது சிலந்தியைப் பார்த்து உண்மையிலேயே மயங்கியிருந்தால் இதைத் தனியாகச் செய்யாதீர்கள்.

பயம் தெரியாமல் இருக்கட்டும் என்று பயிற்சி நாளில் மட்டும் தூக்க மாத்திரையோ பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரையோ போட்டுக்கொள்ளக் கூடாது, மதுவும் கூடாது. பயத்தோடு இருந்தும் ஒன்றும் நடக்கவில்லை என்பதை மனம் கற்க வேண்டிய நேரத்தில், மாத்திரைதான் காப்பாற்றியது என்று அது கற்றுக்கொள்ளும். வழக்கமாக மாத்திரை எடுப்பவர்கள் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் பேச வேண்டும்.

2. உங்கள் வீட்டில் இருப்பவை எவை என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லாச் சிலந்தியையும் ஒன்றாகப் பார்க்கும்வரை பயத்துக்கு எல்லை இருக்காது. தமிழ்நாட்டு வீடுகளில் அடிக்கடி தென்படுபவை மூன்று வகை.

முதலாவது, சுவரும் கூரையும் சேரும் மூலையில், நூல் போன்ற நீண்ட கால்களோடு தலைகீழாகத் தொங்குவது. தொட்டால் தன் வலையையே வேகமாக அதிரவைக்கும். ஒட்டடையில் பெரும்பகுதி இதன் பழைய வலைதான். இரண்டாவது, ஜன்னல் ஓரத்தில் திரியும் சின்னஞ்சிறு குதிக்கும் சிலந்தி. அதன் முன்கண்கள் இரண்டும் பெரியவை, பார்வை கூர்மையானது. அதனால் நாம் அசைந்தால் திரும்பி நம்மைப் பார்க்கும்.

மூன்றாவதுதான் பெரும்பாலோரை ஓடவைக்கும் வேட்டைச் சிலந்தி. உடல் இரண்டு முதல் இரண்டரை செ.மீ., கால்களின் விரிவு சுமார் 7 முதல் 12 செ.மீ. இரை பிடிக்க இது வலை பின்னுவதில்லை. இரவில் அலைந்து கரப்பானைப் பிடிக்கும். தட்டையான உடல் என்பதால் காலண்டருக்குப் பின்னாலும் பீரோ இடுக்கிலும் பகலைக் கழிக்கும். சீண்டினால் கடிக்கக்கூடும், கடித்த இடம் வலித்து வீங்கும், பொதுவாக அதோடு சரி. சோப்பு போட்டுக் கழுவி, பனிக்கட்டியைத் துணியில் சுற்றி வைத்தால் போதும். வீக்கம் பரவினாலோ மூச்சு திணறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இது "நம்மைத் துரத்தி வருகிறது" என்று சொல்லாதவர்கள் குறைவு. விளக்கைப் போட்டதும் அது ஒளிய இடம் தேடி ஓடுகிறது. அருகில் இருப்பது உங்கள் நிழலோ புடவைத் தலைப்போ என்றால் அந்தப் பக்கமே வந்துவிடலாம். வேகமும் அதிக நேரம் நீடிக்காது. சில நொடிகள் பாய்ந்து ஓடியதும் களைத்து நின்றுவிடும்.

சிலந்தி ஊர்ந்த இடத்தில் கொப்புளம் வரும் என்ற பேச்சும் பயத்தை வளர்க்கிறது. வரிவரியாக வரும் அக்கி, சின்னம்மைக் கிருமி நரம்பில் தங்கியிருந்து மீண்டும் தலையெடுப்பதால் வருவது. மழைக்காலத்தில் விளக்கைத் தேடி வரும் ஒரு சிறு வண்டு தோலில் நசுங்கினாலும் தீக்காயம் போன்ற கோடு விழும். இரண்டுக்கும் சிலந்திக்கும் தொடர்பில்லை.

பயிற்சிக்கு இந்த மூன்றைத் தவிர வேறெதையும் பயன்படுத்தாதீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மரப்பொந்துகளில் வாழும், உடலெங்கும் மயிர் அடர்ந்த டாரன்டுலா வகைகளின் கடி கடும் வலியும் தசைப்பிடிப்பும் தரக்கூடியது. விறகுக் குவியலிலும் கல் இடுக்கிலும் இருக்கும் அடையாளம் தெரியாத சிலந்திகளையும் விட்டுவிடுங்கள்.

3. என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்கள் என்பதை எழுதுங்கள்

ஒரு நோட்டை எடுத்து, "சிலந்தி அருகில் வந்தால்..." என்று தொடங்கும் வாக்கியத்தை முடியுங்கள். "எனக்குச் சிலந்தி பிடிக்காது" என்று எழுதினால் பயனில்லை. "அது என் முகத்தில் பாயும்", "நான் கத்திக்கொண்டே ஓடிக் கீழே விழுவேன்", "இரவு முழுவதும் தூக்கம் வராது" என்பது போல, நடந்ததா இல்லையா என்று சரிபார்க்கக்கூடிய வகையில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது நடக்கும் என்று நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறீர்கள் என்றும் குறியுங்கள்.

இந்தப் படியைத் தாண்டிவிடுபவர்களே அதிகம். முழுப் பயிற்சிக்கும் அச்சாணி இதுதான். எழுதி வைக்காத எதிர்பார்ப்பு பொய்யானாலும் மனம் அதைக் கணக்கில் எடுக்காது. "இன்றைக்கு ஏதோ தப்பித்தோம்" என்று சொல்லிக்கொண்டு அடுத்த முறையும் அதே அளவுக்கு நடுங்கும்.

4. ஏணி தயாரித்தல்

இப்போது, குறைந்த பயம் தருவதிலிருந்து அதிகப் பயம் தருவது வரை பத்து பன்னிரண்டு செயல்களை எழுதி, ஒவ்வொன்றும் எவ்வளவு பயம் தருகிறது என்று 0 முதல் 100 வரை மார்க் போடுங்கள். இந்தப் பட்டியல்தான் உங்கள் ஏணி. கண்ணை மூடிக் கற்பனை செய்து பார்த்து, முதலில் தோன்றும் மார்க்கையே போட வேண்டும்.

நான் வழக்கமாகப் பரிந்துரைக்கும் வரிசை இது: கோட்டோவியம், நிழற்படம், காணொளி, உதிர்ந்த தோல், இறந்த சிலந்தி, அறையின் மறுகோடியில் பாட்டிலுக்குள் உயிருள்ள சிலந்தி, அதே பாட்டில் ஒரு கை தூரத்தில், பாட்டிலைக் கையில் பிடித்தல், மூடியைத் திறந்துவைத்துப் பார்த்தல், சிறு சிலந்தியை டம்ளரால் மூடி வெளியே விடுதல், கடைசியாக வேட்டைச் சிலந்தியைப் பிடித்து வெளியே விடுதல். உங்கள் மார்க் வேறு வரிசையைக் காட்டினால் உங்கள் வரிசைப்படியே போங்கள். சிலருக்கு இறந்த சிலந்தியைவிடக் காணொளியில் ஓடும் சிலந்தி அதிக நடுக்கம் தரும்.

இரண்டு படிகளுக்கு இடையே 20 மார்க்குக்கு மேல் இடைவெளி இருந்தால் நடுவில் ஒரு படியைச் சேருங்கள். பாட்டில் வரை சுலபமாக வந்தவர் மூடி திறக்கும் இடத்தில் நின்றுவிடுவது இந்த இடைவெளியால்தான். பாட்டில் வாயை மெல்லிய வலைத்துணியால் கட்டி வைத்துப் பார்ப்பது அங்கே நல்ல இடைப்படி.

5. பொருட்களும் நேரமும்

அகன்ற வாயுள்ள, ஒட்டுக் காகிதம் நீக்கிய கண்ணாடி பாட்டில், 15 செ.மீ. அகலமாவது உள்ள, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பா, ஒரு கண்ணாடி டம்ளர், வழவழப்பான கெட்டி அட்டை, இஞ்ச் டேப், நோட்டு, பேனா. இவை எல்லாம் முதல் நாளே கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். சிலந்தியைக் கண்ட பிறகு அட்டையைத் தேடப் போனால், திரும்பி வரும்போது அது மறைந்திருக்கும். எங்கே போனது என்று தெரியாத சிலந்தியைவிட மோசமான தொடக்கம் வேறில்லை.

ஒவ்வொரு முறையும் குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், முடிந்தால் இரண்டு. ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1989இல் வெளியிட்ட ஒரே அமர்வுச் சிகிச்சை மூன்று மணி நேரம் வரை நீள்வது. நீளத்துக்குக் காரணம் உண்டு: பயம் ஏறி, நின்று, இறங்குவதற்கு நேரம் பிடிக்கும். அடுப்பில் பால் வைத்துவிட்டுப் பத்து நிமிடத்துக்கு உட்கார்ந்தால், பயம் ஏறிய இடத்திலேயே எழுந்து போக நேரும். ஓடியதால்தான் நிம்மதி கிடைத்தது என்ற பழைய பாடமே மீண்டும் உறுதிப்படும்.

6. துணைக்கு இருப்பவர் செய்ய வேண்டியது

முதல் சில நாட்களுக்கு ஒருவர் உடனிருப்பது நல்லது. அவர் சிலந்திக்குப் பயப்படாதவராக, அவசரப்படுத்தாதவராக இருக்க வேண்டும். "ஒன்றும் இல்லை, பயப்படாதே" என்று திரும்பத் திரும்பச் சொல்வது உதவாது. அது ஆறுதலைப் பிறரிடம் எதிர்பார்க்கப் பழக்கிவிடும். "இப்போது எத்தனை மார்க்?", "அது என்ன செய்கிறது, சொல்லுங்கள்" என்ற இரண்டு கேள்விகள் போதும்.

முன்கூட்டிச் சொல்லாமல் எதையும் செய்யக்கூடாது என்பதை முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். "விளையாட்டுக்கு" பாட்டிலை முகத்துக்கு நேரே நீட்டிய ஓர் அண்ணனால், நன்றாக முன்னேறிக்கொண்டிருந்த தங்கை பல மாதம் இந்தப் பக்கமே வரவில்லை. அதற்குப் பிறகு அவர் ஏணியின் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. பாதி வழியில் துணைவர் அறைக்கு வெளியே போய்விட வேண்டும். இறுதிப் படிகளை நீங்கள் தனியே செய்தால்தான் தனியாக இருக்கும் நாளிலும் அது பலிக்கும்.

7. படமும் காணொளியும்

கோட்டோவியத்தில் தொடங்கி, நெருக்கத்தில் எடுத்த நிழற்படம் வரை போங்கள். கண்ணைச் சுருக்கியோ ஓரக்கண்ணாலோ பார்ப்பது கணக்கில் சேராது. கால்களை எண்ணுங்கள், கண்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று பாருங்கள், கண்டதை வாய்விட்டுச் சொல்லுங்கள். "அசிங்கம்", "பயங்கரம்" என்ற சொற்களைத் தவிர்த்து, "எட்டுக் கால், பழுப்பு நிறம், முதுகில் வெளிறிய பட்டை" என்று விவரிக்கும்போது கவனம் பயத்திலிருந்து சிலந்திக்கு நகர்கிறது.

காணொளியை முதலில் ஒலியில்லாமல் பாருங்கள். பின்னணி இசைதான் பல காணொளிகளில் பாதி அச்சத்தைக் கிளப்புகிறது.

8. உதிர்ந்த தோலும் இறந்த சிலந்தியும்

இந்தப் படி பலருக்குத் தெரிவதில்லை. சிலந்தி வளரும்போது தன் தோலை முழுதாகக் கழற்றிவிடும். பீரோவுக்குப் பின்னாலும் பரணிலும் அது அப்படியே கிடக்கும். சிலந்தியின் வடிவம் முழுவதும் அதில் இருக்கும், உயிர் இருக்காது. முதுகின் மேல்மூடி திறந்திருக்கும், ஊதினால் பறக்கும் அளவுக்கு லேசாக இருக்கும். இறந்த சிலந்தி இப்படி இருக்காது. அதன் கால்கள் உள்நோக்கிச் சுருண்டிருக்கும். சிலந்தி தன் கால்களை உடல் திரவத்தின் அழுத்தத்தால் நீட்டுகிறது. இறந்ததும் அழுத்தம் போய் மடக்கும் தசைகள் மட்டும் இழுத்துக்கொள்கின்றன.

தோலைக் காகிதத்தில் எடுத்து மேசையில் வையுங்கள். பேனா முனையால் தொடுங்கள், பிறகு விரலால் தொடுங்கள், பிறகு உள்ளங்கையில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே மார்க் 30க்குக் கீழே வரும்வரை அடுத்ததற்குப் போக வேண்டாம். இந்த வடிவத்தோடு பழகிய கண்தான் உயிருள்ளதைப் பார்க்கும்போது கைகொடுக்கும்.

9. பாட்டிலுக்குள் உயிருள்ள சிலந்தி

இதுவே பயிற்சியின் நடுநாயகம். முதல்முறை துணைவர் பிடித்துத் தரட்டும். பெண் வேட்டைச் சிலந்தி சில சமயம் வெள்ளைப் பொட்டு போன்ற தட்டையான முட்டைப் பையை வயிற்றடியில் சுமந்திருக்கும். அதைப் பிடிக்கக் கூடாது. முட்டையோடு இருக்கும்போது தற்காத்துக்கொள்ள அது எதிர்க்கக்கூடும். பாட்டிலுக்குள் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் வெளிவந்தால் புதியவர் அன்றே பயிற்சியைக் கைவிடுவார்.

மூடியில் மெல்லிய துளைகள் இட்டு, நிழலில் வையுங்கள். ஒரு நாளுக்கு மேல் அடைத்து வைக்க வேண்டாம்.

முதலில் பாட்டிலை அறையின் மறுகோடியில் வைத்துவிட்டு, தூரத்தை இஞ்ச் டேப்பால் அளந்து எழுதுங்கள். என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மார்க் குறியுங்கள். முதல் சில நிமிடங்களில் மார்க் ஏறுவது இயல்பு. எழுந்து ஓடத் தோன்றும் அந்த நேரத்தைத் தாண்டி உட்கார்ந்திருப்பதில்தான் பயிற்சி இருக்கிறது. தாங்கவே முடியவில்லை என்றால் ஓடாதீர்கள். இரண்டடி பின்வாங்கி உட்கார்ந்து, மார்க் இறங்கிய பிறகு பழைய இடத்துக்குத் திரும்புங்கள்.

பிறகு ஒவ்வோர் அடியாக நாற்காலியை நகர்த்துங்கள். நீங்கள் போக வேண்டும். பாட்டிலை உங்களிடம் கொண்டுவரக் கூடாது. நெருங்குவது உங்கள் முடிவாக இருக்கும்போதுதான் கட்டுப்பாடு உங்களிடம் இருக்கிறது என்பதை உடல் உணரும்.

ஒரு கை தூரத்துக்கு வந்ததும் அவசரம் வேண்டாம். கண்ணாடியில் ஒட்டி நிற்கும் வேட்டைச் சிலந்தியின் அடிப்பக்கம் தெரியும். கால் நுனியில் உள்ள நுண்ணிய மயிர்க்கற்றைகள் கண்ணாடியைப் பற்றியிருக்கும் இடம் கருமையான புள்ளியாகத் தெரியும். சற்று நேரம் அசையாமல் இருந்தால், அது ஒரு காலை மடக்கி வாய்க்குக் கொண்டுபோய், நுனி வரை மெதுவாக இழுத்துத் துடைத்து, கீழே வைத்துவிட்டு அடுத்த காலை எடுப்பதைப் பார்க்கலாம். இதைப் பார்த்தவர்களில் பலர் அதன் பிறகு மார்க் கேட்டபோது, கேட்டது காதில் விழாதவர்போல் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

பாட்டிலைக் கையில் எடுக்கும்போது அது திடீரென ஓடும். அதற்கும் முன்பே ஒரு கணிப்பு எழுதி வைத்திருங்கள். மார்க் பாதியாகக் குறைவதை அடுத்த படிக்கான அடையாளமாகச் சொல்வதுண்டு. அதைவிட, நீங்கள் எழுதிய கணிப்பு நடக்கவில்லை என்பது உங்களுக்கே ஆச்சரியம் தராத நிலை வந்துவிட்டதா என்று பார்ப்பதே சரியான அளவு என்பது என் கருத்து.

இந்தப் படியில் புதியவர்கள் தம்மை அறியாமல் பிடித்துக்கொள்ளும் ஊன்றுகோல்கள் உண்டு: கையில் விளக்குமாறு, வீட்டுக்குள் ஷூ, கதவோரம் நாற்காலி, நடுநடுவே கைப்பேசி, மனத்துக்குள் எண்ணிக்கொண்டே இருப்பது. இவை இருக்கும்வரை "இது இருந்ததால்தான் பிழைத்தேன்" என்ற எண்ணம் போகாது. ஒரே நாளில் எல்லாவற்றையும் விட வேண்டியதில்லை. ஆனால் ஒரு படியை முடித்ததாக எழுத வேண்டுமானால் அவை இல்லாமல் ஒருமுறையாவது செய்திருக்க வேண்டும்.

10. பிடித்து வெளியே விடுதல்

முதலில் குதிக்கும் சிலந்தி போன்ற சிறியதை டம்ளரால் பிடித்துப் பழகுங்கள். வேட்டைச் சிலந்திக்கு டம்ளர் போதாது. விளிம்பில் கால் மாட்டினால் அது அந்தக் காலைக் கழற்றிவிட்டு ஓடிவிடும். தனியே துடிக்கும் காலைப் பார்த்தவருக்குப் பயம் பழைய அளவுக்கு ஏறிவிடுகிறது. அதனால்தான் 15 செ.மீ. டப்பா.

சிலந்தி சமதளமான சுவரில் நிற்கும்போது, பக்கவாட்டிலிருந்து மெதுவாக டப்பாவைக் கொண்டுவந்து, கடைசி ஒரு சாணில் தயங்காமல் மூடுங்கள். தயங்கும் கையின் காற்றசைவு அதை எச்சரித்துவிடும். பிறகு அட்டையைச் சுவரோடு ஒட்டித் தள்ளி, அது கால்களைத் தூக்கி அட்டைமேல் ஏறும்வரை பொறுங்கள். அட்டையையும் டப்பாவையும் சேர்த்துப் பிடித்து வெளியே போய், புதரோரம் தரையில் வைத்து, அட்டையை இழுத்துவிட்டு ஓரடி பின்னால் நின்று அது போவதைக் கடைசிவரை பாருங்கள். வைத்ததும் ஓடிவந்துவிட்டால் முடிவு மனத்தில் பதியாது.

பூச்சிக்கொல்லி ஸ்பிரே அடிக்க வேண்டாம். மருந்து பட்ட சிலந்தி கால்கள் வெட்டி இழுக்கத் தாறுமாறாக ஓடும்; அந்தக் காட்சியே பயத்துக்குப் புதிய தீனி.

கையில் ஏறவிடுவது கட்டாயமில்லை. செய்ய விரும்பினால் சிறிய குதிக்கும் சிலந்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

11. பயம் குறைந்தும் அருவருப்பு மிஞ்சினால்

சிலருக்கு நடுக்கம் போன பிறகும் குமட்டல் போகாது. அருவருப்பு பயத்தைவிட மெதுவாகவே இறங்கும். இதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். சிலந்தி நடந்த அட்டையைத் தொட்டுவிட்டு, கை கழுவுவதைப் பத்து நிமிடம் தள்ளிப்போடுங்கள். ஒட்டடைக் குச்சியால் ஒரு மூலையைத் தட்டி, குச்சியில் சுற்றிய வலையை விரலால் எடுத்துப் போடுங்கள். அதன் பிறகு ஒருமுறை மட்டும் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள். திரும்பத் திரும்பக் கழுவினால் அருவருப்பு வளரும்.

12. இடத்தை மாற்றுங்கள், பயம் திரும்பினால் திரும்பச் செய்யுங்கள்

கூடத்தில் பழகிய மனம் குளியலறையில் மறுபடியும் பயப்படும். எனவே ஒவ்வொரு படியையும் வேறு அறையில், வேறு நேரத்தில், வேறு சிலந்தியோடு செய்து பாருங்கள். இரவில், மின்விளக்கு வெளிச்சத்தில், வெறுங்காலோடு செய்தால்தான் உண்மையான நிலைமைக்குத் தயாரானதாக ஆகும்.

பல மாதங்கள் சிலந்தியே கண்ணில் படாமல் இருந்துவிட்டு, ஒருநாள் காலண்டரைத் தூக்கும்போது எதிர்ப்பட்டால் பழைய படபடப்பு எழும். பயிற்சி வீணாகிவிட்டது என்று பொருளில்லை. அந்த வாரத்துக்குள் இந்த வழிகாட்டியின் 9ஆம், 10ஆம் பகுதிகளில் உள்ளவற்றை மீண்டும் செய்தால் முதல்முறையைவிட மிக விரைவில் அடங்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால், நீங்கள் டப்பாவை எடுத்துப் பிடிப்பதை அவர்கள் பார்க்கட்டும். பெரியவர்களின் அலறலைப் பார்த்துத்தான் பல குழந்தைகள் இந்தப் பயத்தைக் கற்கிறார்கள்.

இரண்டு மூன்று வாரம் முறையாகச் செய்தும் ஒரே படியில் நின்றால், அல்லது தினமும் படுக்கையையும் துணிகளையும் உதறிச் சோதிக்காமல் இருக்க முடியவில்லை என்றால், உளவியலாளரின் உதவி தேவை. மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். போகும்போது ஏணியும் மார்க்கும் எழுதிய நோட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பது அதைப் பார்த்தாலே அவருக்குத் தெரிந்துவிடும்.